பிழை போன வழியிலேயே திருத்தமும் போகட்டும்: சேலத்துச் சிறு பத்திரிகைக்கு எந்த முறை ஏற்றது?

சேலத்தில் வாரம் ஒருமுறை அச்சிலும், அன்றாடம் இணையத்திலும் வரும் சிறு பத்திரிகை ஒன்றின் ஆசிரியர் குழுவுக்காக எழுதிய குறிப்பின் விரிவு இது. ஐந்தாறு பேர் வேலை பார்க்கும் அலுவலகம். ஆத்தூர், மேட்டூர், எடப்பாடி, ஏற்காடு என்று பகுதி நேர நிருபர்கள். வாட்ஸ்அப்பில் ஊர்வாரியாகக் குழுக்கள், யூடியூபில் ஒரு சேனல். செய்தியில் பிழை வந்தால் என்ன செய்வது என்பதற்கு அங்கே எழுதிவைத்த முறை எதுவும் கிடையாது. யார் போன் செய்து சத்தம் போடுகிறார்களோ, அவர்களுடைய செல்வாக்குக்குத் தக்கபடி காரியம் நடக்கும். கவுன்சிலர் பேசினால் அரை மணி நேரத்தில் செய்தி மாறும். மரவள்ளி விவசாயி பேசினால் "பார்க்கிறோம் ஐயா" என்ற பதிலோடு முடியும். இதை மாற்ற வேண்டும் என்று அவர்களே முடிவு செய்தார்கள். எந்த முறைக்கு மாறுவது என்பதுதான் கேள்வி.

முறைகளை ஒப்பிடுவதற்கு முன் இந்த வட்டாரத்தில் பிழை எங்கே பிறக்கிறது என்று பார்த்துவிட வேண்டும். சென்னையில் இருந்துகொண்டு எழுதும் கொள்கை இங்கே அப்படியே செல்லாது.

மேட்டூர் அணையை எடுத்துக்கொள்வோம். அணையின் முழு நீர்மட்டம் 120 அடி, முழுக் கொள்ளளவு 93.47 டி.எம்.சி. காலையில் வரும் குறிப்பில் நீர்மட்டம், நீர்வரத்து, நீர்திறப்பு, நீர் இருப்பு என்று நான்கு எண்கள் இருக்கும். ஒன்று அடியில், இரண்டு வினாடிக்குக் கன அடியில், இன்னொன்று டி.எம்.சி.யில். அவசரத்தில் தட்டச்சு செய்யும்போது நீர்வரத்தும் நீர்திறப்பும் இடம் மாறுவதற்கு ஒரு நொடி போதும். பங்குனி, சித்திரையில் இப்படி நடந்தால் யாரும் கண்டுகொள்ள மாட்டார்கள். அணை நிரம்பி, 16 கண் மதகு வழியாக உபரி நீர் பாய்கிற நாளில் ஒரு பூஜ்யம் விட்டுப்போனால் கதையே வேறு. ஒரு லட்சம் கன அடி பத்தாயிரமாகிவிடும். பூலாம்பட்டியில் படகுத்துறை பக்கம் கடை வைத்திருப்பவர் சரக்கை மேட்டில் ஏற்றலாமா வேண்டாமா என்பதை அந்த எண்ணைப் பார்த்துத்தான் முடிவு செய்வார். அவருக்குத் திருத்தம் அடுத்த வாரம் அச்சில் வந்து என்ன பயன்?

இரண்டாவது, சந்தை விலை. ஜவ்வரிசியும் மரவள்ளி மாவும் 90 கிலோ மூட்டைக் கணக்கில் விலைபோகின்றன. ஆனால் கிழங்குக்கு ஆலைகள் கொடுக்கும் விலை மாவுச்சத்துப் பாயிண்டை, அதாவது கிழங்கில் மாவுச்சத்து எவ்வளவு என்று காட்டும் அளவைப் பொறுத்தது. ஒரு பாயிண்டுக்கு இவ்வளவு ரூபாய் என்று பேசுவார்கள். இது தெரியாத ஒருவர் டெஸ்க்கில் உட்கார்ந்து, ஜவ்வரிசி விலையையும் மாவு விலையையும் மாற்றிப் போட்டுவிட்டாலோ, பாயிண்ட் விலையை டன் விலையாக எழுதிவிட்டாலோ, கெங்கவல்லியில் ஒருவர் பத்து நாள் முன்னதாகவே கிழங்கைப் பிடுங்கிவிடக்கூடும். அணைச் செய்தியைப் போல இது மணிக்கணக்கில் காலாவதியாவதில்லை. ஆனால் பிடுங்கிய கிழங்கைத் திரும்ப நட முடியாது.

மூன்றாவது, பாதை. ஏற்காட்டுக்குப் போக 20 கொண்டை ஊசி வளைவுகள் உள்ள அடிவாரச் சாலை ஒன்று, குப்பனூர் வழி இன்னொன்று. மழைக்காலத்தில் மண் சரிந்தால் ஒன்றை மூடி, வண்டிகளை மற்றதில் திருப்பிவிடுவார்கள். எது மூடியது, எது திறந்தது என்று மாற்றி எழுதினால் அந்த ஒரு மாலைக்குள் நடப்பதெல்லாம் நடந்து முடிந்துவிடும்.

கடைசியாக, எல்லாவற்றையும்விட மோசமானது, ஆளை மாற்றிச் சொல்வது. வெள்ளிக் கட்டி மோசடி வழக்கில் ஒருவர் கைதாகிறார் என்று வைத்துக்கொள்வோம். முதல் தகவல் அறிக்கையில் இருப்பவர் சிவதாபுரத்துப் பட்டறைக்காரர். செய்தியில் "செவ்வாய்ப்பேட்டை வெள்ளி வியாபாரி" என்று வந்துவிடுகிறது. அதே பெயரில், அதே தலைப்பெழுத்தில் செவ்வாய்ப்பேட்டையில் ஒருவர் கடை வைத்திருக்கிறார். ஊர் முழுக்க அவரைத்தான் நினைக்கும். கொலுசு வியாபாரத்தில் பாதி, கைமாற்றாக வெள்ளியை நம்பிக் கொடுப்பதில் நடக்கிறது. அந்த நம்பிக்கை ஒரு நாள் ஆட்டம் கண்டாலும் நஷ்டம் பல மாதம் தொடரும்.

இந்த நான்கையும் மனதில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு முறையையும் உரசிப் பார்க்கலாம்.

சத்தமில்லாமல் மாற்றுவது

இணையத்தில் இன்று பெரும்பாலோர் செய்வது இதுதான். பிழை தெரிந்தது, உள்ளே போய் மாற்றினோம், வெளியே வந்தோம். இதற்குச் சாதகமாகச் சொல்ல ஒன்றே ஒன்று உண்டு: வேகம். பூலாம்பட்டிக் கடைக்காரர் இனிமேல்தான் செய்தியைத் திறக்கப்போகிறார் என்றால் அவருக்குச் சரியான எண் உடனே கிடைத்துவிடும்.

ஆனால் ஏற்கெனவே படித்தவர் மறுபடியும் அந்தப் பக்கத்துக்கு வரமாட்டார். அவர் கையில் இருப்பது பழைய எண். யாராவது ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்திருந்தால், ஒரே பத்திரிகையின் ஒரே செய்தியில் இரண்டு எண்கள் ஊரில் உலவும். எது முந்தியது, எது பிந்தியது என்று கண்டுபிடிக்க வழி இருக்காது. இதில் கெட்டுப்போவது பத்திரிகையின் பெயர். இ-பேப்பர் நடத்துகிறவர்கள் பக்கத்தையே மாற்றி ஏற்றிவிடுவதும் உண்டு. அச்சான பிரதியில் ஒன்று, ஆவணமாக இருக்க வேண்டிய இ-பேப்பரில் வேறொன்று என்றால், பத்து ஆண்டு கழித்துப் புரட்டிப் பார்ப்பவர் எதை நம்புவார்?

ஒற்று மிகுதல், எழுத்துப் பிழை, வரி இரட்டித்துப் போதல் போன்றவற்றைச் சத்தமில்லாமல் மாற்றலாம். அதற்கெல்லாம் திருத்தக் குறிப்பு போட ஆரம்பித்தால் வாசகர் கேலி செய்வார். உண்மையான திருத்தம் கூட்டத்தில் காணாமல் போகும். பெயர், எண், இடம், தேதி, பதவி, வழக்கின் நிலை ஆகியவற்றில் எது மாறினாலும் இந்த முறை கூடாது.

செய்தியையே எடுத்துவிடுவது

பெரிய பிழை என்றால் முதலில் கை போவது இதற்குத்தான். வக்கீல் நோட்டீஸ் வந்துவிட்டால் கேட்கவே வேண்டாம். ஆனால் உள்ளூர்ப் பத்திரிகையில் ஒரு செய்தி காணாமல் போனால் ஊர் சும்மா இருக்காது. "மேலிடத்தில் இருந்து சொல்லியிருப்பார்கள்", "பணம் கைமாறியிருக்கும்" என்று ஐந்து ரோடு டீக்கடையில் இரண்டு கதை பிறந்துவிடும். செவ்வாய்ப்பேட்டை வியாபாரிக்கு இதனால் நன்மையும் இல்லை. அவர்மீது விழுந்த பழி அப்படியே நிற்கிறது. போதாக்குறைக்கு, அவர்தான் செல்வாக்கைப் பயன்படுத்திச் செய்தியை எடுக்க வைத்தார் என்ற புதுப் பழி வேறு.

எடுத்தே தீர வேண்டிய இடமும் உண்டு. பாலியல் குற்றத்தில் பாதிக்கப்பட்ட குழந்தையின் பெயர், பள்ளி, தெரு என அடையாளம் தெரியும்படி எதையும் ஊடகம் வெளியிடக் கூடாது என்கிறது போக்சோ சட்டத்தின் 23-வது பிரிவு. வயது வந்தவர்களுக்கு, இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 72-வது பிரிவு இருக்கிறது. ஊர்ப் பெயரோடு தந்தையின் தொழிலையும் சேர்த்துப் போட்டாலே சின்ன ஊரில் ஆள் தெரிந்துவிடும். இப்படி ஒன்று நடந்தால் அந்த விவரத்தை உடனே எடுக்க வேண்டும். திருத்தக் குறிப்பிலும் என்ன விவரம் எடுக்கப்பட்டது என்று விளக்கக் கூடாது. "சட்டப்படி வெளியிடக் கூடாத விவரம் நீக்கப்பட்டுள்ளது" என்பதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். மற்ற எல்லாத் திருத்தத்திலும் விவரம் எவ்வளவு துல்லியமாக இருக்கிறதோ அவ்வளவு நல்லது. இங்கே மட்டும் நேர் எதிர்.

அச்சில் ஒரு மூலை

பழைய வழக்கம் இது. "சென்ற இதழில் வெளியான செய்தியில்... தவறுக்கு வருந்துகிறோம்." நான்கு வரி, எட்டாம் பக்கம், ஒப்பந்தப்புள்ளி அறிவிப்புக்குக் கீழே. போட்டாயிற்று என்று ஆசிரியருக்கு நிம்மதி. யாரும் பார்க்கவில்லை என்று நிருபருக்கும் நிம்மதி.

இந்திய பத்திரிகை கவுன்சிலின் நெறிமுறைகள் இதைவிட அதிகம் கேட்கின்றன. பிழை உறுதியானால் தாமதமில்லாமல், போதிய முக்கியத்துவத்தோடு திருத்தம் வெளியிட வேண்டும். கடுமையான தவறு என்றால் மன்னிப்போ வருத்தமோ சேர்க்க வேண்டும். போதிய முக்கியத்துவம் என்றால் முதல் பக்கத்தில் தவறு செய்துவிட்டு எட்டாம் பக்கத்தில் வருந்துவது ஆகாது. கவுன்சிலுக்கு 1978-ஆம் ஆண்டுச் சட்டப்படி எச்சரிக்கவும் கண்டிக்கவும் அதிகாரம் உண்டு, அபராதம் போட அதிகாரம் இல்லை. அதனால்தானோ என்னவோ அந்த நெறிமுறையைப் பலர் சுவரில் மாட்டிய காலண்டர் மாதிரி வைத்திருக்கிறார்கள்.

வார இதழுக்கு இந்த முறை மட்டும் போதவே போதாது. வியாழக்கிழமை அச்சான பிழைக்கு அடுத்த வியாழன்தான் திருத்தம். ஆளை மாற்றிச் சொன்ன பிழைக்கு அது பொருந்தும். ஏனென்றால் அச்சில் படித்தவர் அச்சில்தான் மறுபடியும் பார்ப்பார், வெள்ளிக் கடைக்காரர் அந்தப் பக்கத்தை வெட்டி மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்துக்கொள்ளவும் முடியும். அணைக்கும் பாதைக்கும் இது பயன்படாது.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். நம் பத்திரிகைகளில் திருத்தம் போட வேண்டிய இடத்தில் மறுப்பு போடும் பழக்கம் ஆழமாக ஊறியிருக்கிறது. "அந்தச் செய்திக்கும் தனக்கும் சம்பந்தமில்லை என்று அவர் தெரிவித்துள்ளார்" என்று எழுதுவார்கள். தவறு பத்திரிகையுடையது, ஆனால் அதைச் சொல்லும் வேலை பாதிக்கப்பட்டவர் தலையில். படிப்பவருக்கோ, அவர் அப்படிச் சொல்கிறார், உண்மை என்னவோ என்ற ஐயம் மீதியாகிறது. கருத்து மாறுபாடு இருக்கும்போது பாதிக்கப்பட்டவரின் பதிலை வெளியிடுவது நியாயம். கவுன்சிலின் நெறிமுறையும் அந்தப் பதிலுரிமையைச் சொல்கிறது. பத்திரிகைக்கே தன் தவறு தெரிந்துவிட்ட பிறகு மறுப்பு என்ற பெயரில் ஒளிந்துகொள்வது நேர்மை ஆகாது. இந்தப் பழக்கத்தைக் கைவிட்டாலே சேலத்தில் பாதிச் சண்டை குறையும் என்பது என் கணிப்பு.

செய்தியின் தலையில் குறிப்பு

இணையத்துக்கு இதைவிடப் பொருத்தமான முறை எனக்குத் தெரியவில்லை. செய்தியைச் சரி செய்துவிட்டு, தலைப்புக்கும் முதல் பத்திக்கும் நடுவே இரண்டு வரி: எந்தத் தேதியில், எத்தனை மணிக்கு, எது தவறாக இருந்தது, எது சரி. "இச்செய்தி புதுப்பிக்கப்பட்டது" என்று மட்டும் போடுவது திருத்தம் ஆகாது. அதில் எது மாறியது என்றே தெரியாது. அணைச் செய்தியில் இப்படி இருக்கலாம்: "நீர்வரத்து வினாடிக்குப் பத்தாயிரம் கன அடி என்று காலை 9 மணிக்குத் தவறாக வெளியானது. சரியான அளவு ஒரு லட்சம் கன அடி. காலை 9.40-க்குத் திருத்தப்பட்டது."

ஆளை மாற்றிச் சொன்ன பிழையில் வாசகம் வேறு மாதிரி இருக்க வேண்டும். "வெள்ளிக் கட்டி மோசடியில் கைதானவர் செவ்வாய்ப்பேட்டை வியாபாரி என்று குறிப்பிட்டது தவறு" என்று மறுபடியும் மோசடியையும் பேட்டையையும் ஒரே வாக்கியத்தில் ஒட்டவைத்தால், அவசரமாகப் படிப்பவர் மனதில் பழியே இன்னொரு முறை பதியும். "செவ்வாய்ப்பேட்டையைச் சேர்ந்த யாருக்கும் இந்த வழக்கில் தொடர்பு இல்லை" என்று சரியானதை முதலில் சொல்லி, நம் தவறு இன்னது என்பதை அடுத்த வாக்கியத்தில் சொன்னால் போதும்.

குறிப்பைச் செய்தியின் அடியில் போடலாமே என்று கேட்டார்கள். பொருளை மாற்றாத சிறு பிழைகளுக்கு அடி போதும். படித்தவர் செய்த முடிவை மாற்றக்கூடிய பிழை என்றால் தலையில்தான்.

இதன் குறை, வாட்ஸ்அப்பில் போனதை இது தொடாது. குழுவில் அனுப்பிய செய்தியை 15 நிமிடத்துக்குள் திருத்த முடியும். அதற்குள் யாராவது வேறு குழுவுக்கு அனுப்பியிருந்தால் அந்தப் பிரதி மாறாது. ஆகவே குழுவில் பழையதை அழிப்பதோடு விடாமல், "திருத்தம்" என்று தொடங்கும் புதிய செய்தியை அதே குழுக்களுக்கு அனுப்ப வேண்டும். அது தனியாக நின்றாலும் புரிய வேண்டும், மற்றவர்களுக்கு அனுப்பத் தகுந்ததாகவும் இருக்க வேண்டும். ஏற்காட்டுப் பாதைச் செய்திக்கு இதுவே முதல் வேலை. இணையதளம்கூட அதற்குப் பிறகுதான். யூடியூபில் ஏற்றிய வீடியோவுக்குள் சொன்ன எண்ணை மாற்றிப் பேசவைக்க முடியாது. வேண்டாத பகுதியை வெட்டலாம், தலைப்பையும் விளக்கத்தையும் மாற்றலாம், முதல் கருத்தாகத் திருத்தத்தைப் பொருத்தி வைக்கலாம். ஆளை மாற்றிச் சொன்ன வீடியோ என்றால் எடுத்துவிட்டு, புதிய வீடியோவின் தொடக்கத்திலேயே ஏன் எடுத்தோம் என்று வாய்விட்டுச் சொல்வதே சரி.

நிலையான திருத்தப் பெட்டி

ஒவ்வொரு இதழிலும் ஒரே பக்கத்தில், ஒரே மூலையில், திருத்தம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒரு பெட்டி. நியூயார்க் டைம்ஸ் 1972 முதல் திருத்தங்களுக்கு நிலையான இடம் வைத்திருக்கிறது. எவ்வளவு பழைய தவறானாலும் திருத்தத்துக்குக் காலவரம்பு இல்லை என்பதற்கு அந்தப் பத்திரிகையிலேயே இரண்டு நல்ல எடுத்துக்காட்டுகள் உண்டு. வெற்றிடத்தில் ராக்கெட் இயங்காது என்று 1920-இல் விஞ்ஞானி ராபர்ட் கோடார்டைக் கிண்டல் செய்திருந்தது. அப்பல்லோ 11 நிலவுக்குக் கிளம்பிய மறுநாள், 1969 ஜூலை 17 அன்று, அதைத் திருத்தி வருந்தியது. அடிமையாக விற்கப்பட்டு மீண்ட சாலமன் நார்த்தப்பின் பெயரை 1853-இல் தவறாக எழுதியதை 2014-இல் திருத்தியது. 161 ஆண்டு! நம் ஆட்கள் போன வருடத்துச் செய்தி என்றாலே "அதையெல்லாம் இப்போது கிளற வேண்டாம்" என்பார்கள்.

பெட்டியின் பயன், பிழையைக் கண்டவருக்கு எங்கே தேட வேண்டும் என்று தெரிவது. இன்னொரு பயன் வெளியில் தெரியாது: ஆசிரியர் குழுவுக்கே தன் பலவீனம் புலப்படும். மூன்று மாதப் பெட்டிகளை வரிசையாக வைத்துப் பார்த்தால் எண்ணில் வருகிறதா, பெயரில் வருகிறதா, எந்த ஊர்ச் செய்தியில் வருகிறது என்பது தெரிந்துவிடும்.

வாசகர் ஆசிரியர்

புகார்களைக் கேட்டு, ஆசிரியருக்குக் கட்டுப்படாமல் முடிவு சொல்ல ஒருவரை நியமிப்பது. பிரிட்டனின் கார்டியன் பத்திரிகை 1997-இல் இயன் மேய்ஸை நியமித்தது. இந்தியாவில் தி இந்து 2006-இல் கே. நாராயணனை நியமித்து இதைத் தொடங்கியது. நியூயார்க் டைம்ஸ் 2003-இல் இதுபோன்ற ஒரு பதவியை உண்டாக்கி, 2017-இல் எடுத்துவிட்டது. பெரிய நிறுவனத்துக்கே இது கட்டுப்படியாகவில்லை என்றால் சேலத்தில் ஐந்து பேர் அலுவலகத்துக்கு எப்படி என்று கேட்கலாம்.

சம்பளத்துக்கு ஆள் வேண்டாம். ஆனால் இதில் உள்ள கரு முக்கியம்: எழுதியவரும் அதைப் பார்த்து அனுப்பியவரும் தம் பிழைக்குத் தாமே தீர்ப்புச் சொல்லக் கூடாது. கவுன்சிலருக்கும் விவசாயிக்கும் கிடைக்கும் பதில் வேறுபடுவதற்குக் காரணமே அதுதான். ஓய்வு பெற்ற ஒருவர் வாரம் ஒரு மாலை வந்து, புகார் ஏட்டைப் பார்த்து, "இது திருத்தத்துக்கு உரியது, இது இல்லை" என்று எழுதினால் போதும். வக்கீல் வேண்டாம் என்பது என் கருத்து. அவருக்குப் பழக்கமான கேள்வி, வழக்கில் எப்படித் தப்பிப்பது என்பது. பழைய மெய்ப்புத் திருத்துநரோ, புள்ளியியல் பேராசிரியரோ இந்த வேலைக்கு உத்தமம். மேட்டூர்க் கணக்கில் எந்த எண் எந்த அலகில் இருக்க வேண்டும் என்று ஒரு பார்வையில் சொல்வார்கள்.

இணையச் செய்திக்கு 2021-ஆம் ஆண்டுத் தகவல் தொழில்நுட்ப விதிகளும் இதை ஒட்டிய ஒன்றைச் சொல்கின்றன: குறைதீர் அலுவலர் ஒருவர் வேண்டும், புகாருக்கு 24 மணி நேரத்தில் ஒப்புகை, 15 நாளில் முடிவு. அவ்விதிகளில் நெறிமுறை பற்றிய சில உட்பிரிவுகளுக்கு மும்பை உயர் நீதிமன்றம் அதே ஆண்டில் இடைக்காலத் தடை விதித்தது. தடை இருக்கட்டும், இல்லாமல் போகட்டும். 15 நாள் என்பது மண்சரிவுச் செய்திக்கு ஒரு யுகம்.

நான் சொன்ன யோசனை

ஒரே முறையைத் தேர்ந்தெடுக்க வேண்டியதில்லை. எந்த வழியாகப் பிழை வெளியே போனதோ அதே வழியாகத் திருத்தமும் போக வேண்டும் என்பதை அடிப்படையாக வைத்துக்கொண்டால் மற்றதெல்லாம் தானே அமையும். அணை, பாதை, மழை போன்ற உடனடிச் செய்திகளில் முதலில் வாட்ஸ்அப், அடுத்து இணையத்தில் தலைக் குறிப்பு. இதற்கு டெஸ்க்கில் இருப்பவரே போதும், யாரிடமும் கேட்கக் காத்திருக்க வேண்டாம். விலைச் செய்தியில் தலைக் குறிப்பும், அடுத்த நாள் விலைச் செய்தியிலேயே ஒரு வரியும், ஏனென்றால் விலை பார்ப்பவர் மறுநாளும் அங்கேதான் வருவார். ஆளை மாற்றிச் சொன்னால் எல்லா வழியிலும், அச்சில் பிழை வந்த அதே பக்கத்தில், மன்னிப்போடு. கூடவே பெட்டியிலும் ஒரு வரி.

பத்திரிகை உரிமையாளருக்கு ஒரு பயம் இருந்தது. தவறை ஒப்புக்கொண்டால் அதையே ஆதாரமாக வைத்து அவதூறு வழக்குப் போடமாட்டார்களா? பாரதிய நியாய சன்ஹிதாவின் 356-வது பிரிவு இருக்கிறது, முன்பு இந்திய தண்டனைச் சட்டத்தில் 499, 500 பிரிவுகளாக இருந்தது. திருத்தம் போட்டால் வழக்கே வராது என்று நான் வாக்குக் கொடுக்கவில்லை. ஆனால் தெரிந்த பிறகும் திருத்தாமல் வைத்திருந்தால் நல்லெண்ணத்தோடு வெளியிட்டேன் என்று சொல்வதற்கு வாயே இருக்காது. தவிர, சேலத்தில் நோட்டீஸ் அனுப்புகிறவர்களில் பலர் கேட்பது பணம் இல்லை, நேரில் பேசினால் அது தெரியும். பத்துப் பேர் பார்க்கும் இடத்தில் ஒரு நான்கு வரி.

பெட்டிக்கு இரண்டாம் பக்கத்தில் இடம் கேட்டிருக்கிறேன். அந்த இடத்தை வருடக் கணக்காக ஒரு நகைக்கடைக்கு விற்றிருக்கிறோம் என்கிறார் விளம்பரப் பிரிவுக்காரர். ஆடிக்கு முன் இதைப் பேசி முடித்துவிட வேண்டும். கோட்டை மாரியம்மன் பண்டிகை விளம்பரங்கள் வரத் தொடங்கிவிட்டால் அப்புறம் எந்தப் பக்கத்திலும் ஒரு விரற்கடை இடம் கிடைக்காது.